ஓலைக் குடமும் கைரேகையும்

எட்டயபுரம் என்றதும் நம் நினைவுக்கு வரவேண்டியவை பல உண்டு. 1882-ஆம் ஆண்டு பாரதி பிறந்த மண் அது. 1835-ஆம் ஆண்டு முத்துசாமி தீட்சிதர் தம் இறுதி மூச்சை விட்ட ஊரும் அதுவே. கரிசல் நிலத்தின் நடுவே கவிதையையும் இசையையும் போற்றிய ஓர் அரண்மனை அங்கே இருந்தது. ஆயினும் தமிழ்நாட்டின் தெருப்பேச்சு அவ்வூரை நினைவுகூர்வது வேறொரு சொல்லால். உடனிருந்தே இரகசியத்தைப் பகைவரிடம் சேர்ப்பிப்பவனை நாம் 'எட்டப்பன்' என்கிறோம்.

எட்டப்பன் என்பது தனியொருவரின் பெயர் அன்று. எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிவந்த பட்டப்பெயர். பாஞ்சாலங்குறிச்சிப் போரில் எட்டயபுரம் கும்பினியாருக்குத் துணைநின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லைக்குள். அவர் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16 அன்று, கயத்தாற்றில். வரலாற்றின் முடிச்சுகளை நிதானமாக அவிழ்த்துப் பார்க்காமலே, நாடக மேடையும் வெள்ளித்திரையும் ஒரு பரம்பரையின் பெயரை வசைச்சொல்லாக்கிவிட்டன.

இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பாடங்கள் பொதிந்துள்ளன. மதிலை உடைத்து வருபவனைவிட, மதிலுக்குள் இருந்து கதவைத் திறந்துவிடுபவனையே மக்கள் அதிகம் அஞ்சினர் என்பது ஒன்று. கறைபட்ட பெயரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை அணிந்துகொள்ள எவராலும் இயலாது என்பது மற்றொன்று. இவ்விரு பாடங்களும் இன்று நமக்கு மிகவும் தேவைப்படுகின்றன. நம் பெயரும் பிறந்தநாளும், கைரேகையும் கண்பாவையின் பதிவும், நோய்க்குறிப்பும் வங்கிக்கணக்கும் எங்கோ உள்ள கணினிகளுக்குள் குடியேறிவிட்டன. 'நீ யார் என்பதை மெய்ப்பி' என்று ஒவ்வொரு வாயிலிலும் நம்மைக் கேட்கிறார்கள். கேட்பது தவறன்று. ஆனால் நாம் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்பவர் யார், அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார் என்று நாம் திருப்பிக் கேட்கிறோமா? நம் முன்னோர் கேட்டார்கள் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உள்ளன.

பொறியும் குடமும்

அகநானூற்றின் 77-ஆம் பாடல் பாலைத்திணையைச் சேர்ந்தது. போர்க்களத்தில் கழுகு செய்யும் கொடுஞ்செயலைக் காட்டவந்த புலவர், அதற்கு ஓர் ஊர்மன்றத்துக் காட்சியை உவமையாக்குகிறார். கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்தை அதற்குரிய ஆவண மாக்கள் கையில் எடுக்கின்றனர். மேலுள்ள பொறி சிதையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கின்றனர். அதன்பின்னரே கட்டவிழ்த்து உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுக்கின்றனர். உவமை கொடியதாயினும், அதன் வழியே கிடைக்கும் செய்தி அரியது. ஓலையைக் காக்கக் கயிறு மட்டும் போதாது, பொறியும் வேண்டும். பொறி மட்டும் போதாது, அதைப் பலர் அறியச் சோதிப்பவரும் வேண்டும் என்ற தெளிவு சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது.

பிற்காலச் செப்பேடுகளிலும் இதே அறிவைக் காண்கிறோம். ஏடுகளைத் துளையிட்டு ஒரு வளையத்தில் கோத்து, அவ்வளையத்தின் இரு முனைகளையும் அரச முத்திரைக்குள் இணைத்துவிடுவர். முத்திரையைக் குலைக்காமல் ஓர் ஏட்டைச் செருகவும் இயலாது, உருவவும் இயலாது. சோழருக்குப் புலியும் பாண்டியருக்குக் கயலும் வெறும் அழகுக்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. 'இது நாங்கள் கொடுத்தது. இடையில் எவரும் மாற்றவில்லை' என்பதற்கு அவை சான்று.

இவற்றுக்கெல்லாம் மகுடம் போன்றது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட இக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும். சூதறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்துக் கொண்டுவர வழியில்லாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அவர் வாசித்த பின்னர், மண்டபத்தில் உள்ள மற்ற நம்பிமாரும் அதே ஓலையை வாசிக்கவேண்டும்.

இவ்வளவும் தெரிவு முறையைக் காப்பதற்கான விதிகள். இவற்றினும் ஆழமான விதி ஒன்று அதே கல்லில் உள்ளது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவருக்கு நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். ஓலையைக் காப்பது எப்படி என்று மட்டும் அவர்கள் சிந்திக்கவில்லை; காப்பவரைக் காப்பது எப்படி என்றும் சிந்தித்தார்கள். விரலை விரிக்கச் சொன்னது வாக்காளரை அல்ல, பொறுப்பில் இருப்பவரைத்தான் என்பது ஈண்டு கருதத்தக்கது.

முத்துக்கரையின் பாடம்

நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வருவோம். கொற்கையும் காயலும் தூத்துக்குடியும் கண்ட முத்து வணிகத்தில் வியப்பூட்டும் வழக்கம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து இருக்கிறதா, இருந்தால் அது எத்தகையது என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. குளித்தெடுத்தவருக்கும் தெரியாது. படகிலேயே சிப்பியைத் திறந்துவிடாதபடி காவல் இருந்தது. சிப்பியின் மூடிய வாயே இயற்கை இட்ட முத்திரை. அறியாமையில் அனைவரும் சமமாக இருந்தமையால் அந்த ஏலத்தில் ஒருவகை நேர்மை இருந்தது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளுக்குப் பின் அந்த ஏலக்குரல்கள் ஓய்ந்தன.

இன்றைய தரவு வணிகத்தில் அந்தச் சமநிலை இல்லை. நம்மைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. சிப்பி நாமாக இருக்கிறோம். திறந்து பார்க்கும் கத்தி அவர்கள் கையில் மட்டும் இருக்கிறது.

இதே கரையில் 1542-ஆம் ஆண்டு கால்பதித்த புனித சவேரியார் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி. மடல்கள் கடல்கடந்து வந்துசேர ஆண்டுகள் பிடித்த காலம் அது. கப்பல் மூழ்கினாலும் செய்தி பிழைக்கவேண்டும் என்பதற்காக, ஒரே மடலைப் பல படிகள் எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவர். 1546-இல் அம்போய்னாத் தீவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் தோழர்களுக்கு எழுதுகையில், அவர்கள் தம் கைப்பட எழுதிய பெயர்களை மடல்களிலிருந்து கத்தரித்தெடுத்து, தம் வார்த்தைப்பாட்டு மடலோடு சேர்த்து எப்போதும் உடன் கொண்டுசெல்வதாகத் தெரிவித்தார். பிறர் தம்மை நம்பி இட்ட கையொப்பத்தை அவர் பெட்டியில் போட்டு மறந்துவிடவில்லை. நெஞ்சோடு சேர்த்துக் காத்தார். ஒருவருடைய பெயர் நம் கைக்கு வந்துவிட்டால், அதை எவ்வளவு மதிப்போடு வைத்திருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆடையைக் கண்டு ஏமாந்த காவல்

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவருடன் சிறைப்பட்டோரும் பாளையங்கோட்டைக் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தனர். 1801 பிப்ரவரி 2 அன்று அவர்கள் தப்பினர். கோட்டைச் சுவரை எவரும் பீரங்கியால் தகர்க்கவில்லை. மாறுவேடத்தில் ஊருக்குள் வந்து சேர்ந்திருந்த ஆதரவாளர்கள் உரிய வேளையில் காவலரை மடக்கினர். வந்தவரின் தோற்றம் ஒன்றையே சான்றாக ஏற்றுக்கொண்ட காவல், அந்தத் தோற்றத்தாலேயே தோற்றது.

இன்றைய ஏமாற்றுக்காரர்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றனர். வங்கி அதிகாரியின் குரலை, காவல்துறையின் சீருடையை, அரசு அலுவலகத்தின் இலச்சினையை அணிந்துகொண்டு கைப்பேசி வழியே நம் வீட்டுக்குள் வருகின்றனர். பூட்டை உடைப்பது கடினம்; வீட்டுக்காரர் கையாலேயே பூட்டைத் திறக்கச் செய்வது எளிது. ஆகவேதான் ஒரு சான்றை மட்டும் நம்பாதீர்கள் என்று வல்லுநர்கள் வற்புறுத்துகின்றனர். ஒருவர் தாம் யார் என்பதை மூன்று வகையில் மெய்ப்பிக்கலாம். அவர் அறிந்திருப்பது ஒன்று. கடவுச்சொல் அவ்வகையைச் சேர்ந்தது. அவரிடம் இருப்பது ஒன்று. முற்காலத்தில் கணையாழி, இக்காலத்தில் கைப்பேசியோ சிறு திறவுகோல் போன்ற மின்கருவியோ அது. அவரே ஆகி நிற்பது ஒன்று. அதாவது விரல்ரேகை, முகம், கண்பாவை. இவற்றுள் இரண்டேனும் ஒத்திருந்தால்தான் கதவு திறக்கவேண்டும் என்பதே இருபடிச் சரிபார்ப்பு. இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு இத்தகைய இரண்டாம் சான்றை இந்திய ரிசர்வ் வங்கி 2009-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கியது.

விரலின் கதை

மூன்றாவது சான்றாகிய விரலுக்குத் தனி வரலாறு உண்டு. 1858-ஆம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைப்பணிக்குப் பொருள் தர ஒப்புக்கொண்ட ஒருவரிடம் கையொப்பத்துக்குப் பதிலாக முழுக் கையின் பதிவையே ஒப்பந்தத்தில் பெற்றார். பின்னாளில் அவர் தம் வாக்கை மறுக்காமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் நிறுவப்பட்டது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பால் ரேகைகளை வகைபிரிக்கும் முறை அங்கே செம்மையுற்றது.

ஆனால் சான்று கேட்கும் கருவி எவ்வளவு விரைவில் விலங்காக மாறிவிடுகிறது! 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. ஒரு சாதியில் பிறந்த காரணத்தாலேயே மனிதர்கள் கைரேகை பதியவேண்டும்; இரவில் காவல்நிலையத்துக்கு வந்து தங்கள் இருப்பைக் காட்டவேண்டும்; வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு பெறவேண்டும். மக்கள் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் மக்கள் ரேகை கொடுக்க மறுத்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீங்கியது. நாடு முழுவதும் ஒழிந்தது 1952-இல்.

ரேகை ஒன்றே. ஒப்பந்தத்தில் அது வாக்கின் சான்று. காவல்நிலையப் பதிவேட்டில் அது பிறப்பின் மேல் இட்ட சூடு. வேறுபாடு விரலில் இல்லை, அதைப் பதிந்துகொண்டவரின் நோக்கத்திலும், அவரைத் தட்டிக்கேட்க எவரும் இல்லாமற்போன நிலையிலும் இருந்தது.

நூறாண்டு கடந்தும் கதை முடியவில்லை. 2018-ஆம் ஆண்டு தெலங்கானாவில் ஒரு வழக்கு வெளிப்பட்டது. நிலப்பதிவு ஆவணங்கள் இணையதளத்தில் பலரும் பார்க்கும்படி இருந்தன. அவற்றில் இருந்த பெருவிரல் ரேகைகளைப் படியெடுத்து, இரப்பர் முத்திரைகளாக வார்த்து, அவற்றைக் கொண்டு பிறர் பெயரில் கைப்பேசி இணைப்புகள் உயிர்ப்பிக்கப்பட்டன. பின்னர் வேறு மாநிலங்களிலும் இதே வழியில் ஏழைகளின் வங்கிக்கணக்கிலிருந்து பணம் எடுத்த குற்றங்கள் பதிவாயின. நிலத்தை வாங்கியவரோ விற்றவரோ செய்த தவறு இதில் ஏதும் இல்லை. சட்டம் கேட்டது, அவர்கள் விரலை ஊன்றினார்கள். அந்த விரலைக் கடைவீதியில் வைத்தவர் காப்பாளர்.

கடவுச்சொல் களவுபோனால் வேறொன்றை அமைத்துக்கொள்ளலாம். கணையாழி தொலைந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாம். விரல் களவுபோனால் என் செய்வது? கறைபட்ட பட்டப்பெயரைப் போல அது ஆயுள் முழுவதும் உடன்வரும். மேலும், கடினமாக உழைப்பவரின் ரேகை தேய்ந்துபோவது கண்கூடு. உப்பளத்தில் உப்பு வாரியும் கரைவலை இழுத்தும் கை தேய்ந்த ஒருவரிடம், 'உன் விரல் உன்னுடையது என்று இயந்திரம் ஒப்பவில்லை' என்று சொல்லி அரிசியை மறுப்பது எவ்வகை நீதி? காவல் வலுப்பெறுவது நன்று. அந்த வலுவின் பாரம் எளியவர் தோளில் மட்டும் இறங்குவது நன்றன்று.

கூடங்குளத்துக் கணினி

தூத்துக்குடியிலிருந்து தெற்கே மணப்பாடு, உவரி, இடிந்தகரை எனக் கடலோரமாகச் சென்றால் கூடங்குளம் வரும. அங்குள்ள அணுமின் நிலையத்தைப் பற்றி 2019 அக்டோபரில் ஒரு செய்தி பரவியது. நிலையத்தின் கணினிக்குள் தீநிரல் ஒன்று நுழைந்துவிட்டது என்பதே அது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளியுலகத் தொடர்பின்றித் தனித்து இயங்குபவை. ஆகவே தாக்குதல் இயலாது என்றனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. நாட்டின் கணினிப் பாதுகாப்பு முகமையிடமிருந்து செப்டம்பர் 4 அன்றே அதற்குத் தகவல் வந்திருந்தது.

கழகத்தின் விளக்கப்படி, பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த வலையமைப்பில் ஒரு பயனாளரின் கணினி. அணுஉலையோடு தொடர்புடைய உள் வலையமைப்பு அதிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரிப்பு பாராட்டத்தக்கது. கருவூலத்துக்கும் வாசல் திண்ணைக்கும் ஒரே சாவி இருக்கலாகாது என்பது பழம்பெரும் விதி. ஆயினும் இரண்டு செய்திகள் மனத்தில் நிற்கின்றன. பகைவன் தேடி வந்தது பெருங்கதவை அன்று. ஓர் அலுவலக மேசையை. அண்டையில் வாழும் மக்களுக்கு முதலில் கிடைத்தது உண்மையும் அன்று, மறுப்பு. களவுபோனதை உரியவரிடம் உடனே சொல்லுதலும் காவலின் ஒரு பகுதியே. உத்திரமேரூர் மண்டபத்தில் ஓலையை உரக்க வாசிக்கச் சொன்னவர்கள் அதை அறிந்திருந்தார்கள்.

காப்பாளர் கடமை

நம் திருச்சபையின் வரலாற்றில் ஒரு முத்திரை உண்டு. 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஒப்புரவில் கேட்டதை வெளிப்படுத்தும் குருவைப் பணியிலிருந்து நீக்கி, வாழ்நாள் முழுவதும் மடத்தில் தவமிருக்கச் செய்யவேண்டும் என விதித்தது. அந்த முத்திரை இடப்பட்டிருப்பது சொல்பவர் நாவில் அன்று, கேட்பவர் நாவில். இரகசியத்தைப் பெறுகிறவரே அதற்குப் பிணையாளர் என்ற நெறியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா?

உலகியல் சட்டமும் மெல்ல அந்நெறியை நோக்கி வருகிறது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்மத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காவல் ஏற்பாடு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. சட்டம் ஏட்டில் இருப்பதும் நடப்பில் இருப்பதும் ஒன்றல்ல; எனினும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டுவிட்டது.

நாமும் நம் அளவில் காப்பாளர்களே. பங்கின் திருமுழுக்கு, திருமண ஏடுகள் கணினிக்குள் ஏறிவருகின்றன. பள்ளிகளில் பிள்ளைகளின் விவரங்களும், மகளிர் குழுக்களில் உறுப்பினரின் ஆதார் படிகளும், மருந்தகங்களில் நோயாளர் குறிப்புகளும் நம் கைகளில் உள்ளன. ஓர் அலுவலகத்தில் உள்ள ஐவரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, அதைச் சுவரிலும் ஒட்டிவைத்தால், அது கூரையில்லாத கருவூலம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நீண்ட கடவுச்சொல். அதன்மேல் இரண்டாம் சான்று. பணிக்குத் தேவையானவருக்குத் தேவையான ஏட்டை மட்டும் திறக்கும் உரிமை. பணி விட்டுச் சென்றவரின் உரிமையை அன்றே நீக்குதல். தேவை தீர்ந்த படிகளை அழித்தல் ஆகியவை வல்லுநர்க்கு மட்டும் உரியவை அல்ல. கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதிருத்தல், முழு ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் படியைக் கொடுத்தல், தேவையற்ற வேளையில் ஆதாரின் கைரேகைப் பயன்பாட்டைப் பூட்டிவைத்தல் ஆகியவற்றை ஒவ்வொரு வீடும் கற்கலாம். ஏமாந்து பணம் இழந்தால், வெட்கத்தால் ஒளிக்காமல் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். ஏமாந்தவர் குற்றவாளி அல்லர்.

கணினி அறியாத பாட்டி ஒருவர் முதியோர் உதவித்தொகைக்காக விரலை ஊன்றும்போது, அவர் நம்மிடம் கொடுப்பது ஒரு ரேகையை மட்டும் அன்று. தம் பெயரை, தம் உணவை, தம் நம்பிக்கையைக் கொடுக்கிறார். அவர் நூறு முறை தம்மை மெய்ப்பித்துவிட்டார். இனி ஐந்து விரல்களையும் அகல விரித்துக் காட்டவேண்டியது, அதை வாங்கிக்கொள்ளும் கைகள்தாம்.